இணையாக ஓடும் ஜெனரேட்டர்களுக்கு லோடைப் பிரித்துக் கொடுப்பது எப்படி?

[காட்சி: கடலூர் முதுநகர், ஓர் ஐஸ் ஆலையின் ஜெனரேட்டர் அறை]

வணக்கம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் இருளில் கிடந்த இந்தக் கடலோரத்தில், மாற்று மின்சாரம் எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஜெனரேட்டர்களை ஒரே பஸ்பாரில், அதாவது பொதுவான மின்கடத்திப் பட்டையில், இணைத்துவிட்டால் லோடு தானாகவே சரிபாதியாகப் பிரிந்துவிடும் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள்.

வோல்டேஜ், ஃப்ரீக்வென்சி, ஃபேஸ் வரிசை, ஃபேஸ் கோணம் ஆகிய நான்கும் ஒத்துவந்த பிறகே பிரேக்கரைப் போட வேண்டும் என்பது ஆபரேட்டர்கள் அறிந்ததே. சிக்கல் அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

[காட்சி: திரையில் இரண்டு சாய்கோடுகள்]

தலா 200 கிலோவாட் திறன் கொண்ட இரண்டு ஜெனரேட்டர் செட்களின் கவர்னர்களும் (டீசலைக் கூட்டிக் குறைத்து இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்), லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 50 ஹெர்ட்ஸ் என்று இறங்கும்படி அமைக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். இந்த இறக்கத்தைத்தான் ட்ரூப் என்கிறோம். மொத்த லோடு 240 கிலோவாட் என்றால் ஆளுக்கு 120 எடுத்துக்கொள்ளும், ஃப்ரீக்வென்சி 50.8-இல் நிற்கும். இரண்டாவது செட்டின் லோடில்லாத ஃப்ரீக்வென்சியை மட்டும் 52.4-க்கு ஏற்றிவிட்டால், அது 140 கிலோவாட்டைச் சுமக்க, முதல் செட்டுக்கு 100 மட்டுமே மிஞ்சும்.

இந்த வித்தியாசம் பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் கம்ப்ரசர்கள் நின்று லோடு 20 கிலோவாட்டுக்கு இறங்கும்போது, இரண்டாவது செட் 30 கிலோவாட் கொடுக்க, முதல் செட் 10 கிலோவாட்டை வாங்கிக்கொண்டு மோட்டாராகவே சுற்றத் தொடங்கும். ரிவர்ஸ் பவர் ரிலே இருப்பது இதைத் தடுக்கத்தான். புதிய கண்ட்ரோலர்கள் இந்த லோடு பங்கீட்டைத் தாமே பார்த்துக்கொள்கின்றன என்றாலும், அவற்றின் இணைப்புக் கம்பி அறுந்தால் பல அமைப்புகள் இந்த ட்ரூப்புக்கே திரும்புகின்றன.

[காட்சி: பேனலில் கிலோவாட், ஆம்பியர் மீட்டர்கள் அருகில்]

கிலோவாட் சமமாக இருந்தும் ஆம்பியர் ஏறுக்குமாறாகக் காட்டினால், தயவுசெய்து கவர்னரைத் தொடாதீர்கள். கிலோவாட்டைத் தீர்மானிப்பது டீசல், கே.வி.ஏ.ஆரை, அதாவது வேலை எதுவும் செய்யாமல் ஆம்பியரை மட்டும் கூட்டும் ரியாக்டிவ் பவரை, தீர்மானிப்பது ஏ.வி.ஆர். (வோல்டேஜைச் சீராக்கும் கருவி) கொடுக்கும் எக்ஸைட்டேஷன், அதாவது ஜெனரேட்டரின் காந்தப்புலத்துக்கான மின்னோட்டம். கே.வி.ஏ.ஆர். கூடும்போது வோல்டேஜைச் சற்றே இறக்குமாறு ஏ.வி.ஆருக்குச் சொல்வது, மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்மாற்றியான ட்ரூப் சி.டி. அதன் இரண்டு முனைகளும் மாறியிருந்தால், அதிகம் சுமக்கும் செட் மேலும் மேலும் சுமக்கும். முனைகளை மாற்றுவதென்றால் செட்டை நிறுத்திய பிறகே மாற்ற வேண்டும், ஓடும்போது சி.டி.யின் செகண்டரியை (வெளியீட்டுச் சுற்றை)த் திறந்தால் அதில் ஆபத்தான வோல்டேஜ் எழும்.