சுவரில் ஒட்டிய டசரும் ஆற்றுமணலில் இறங்கிய நீலமும்

[காட்சி: இரவு. பென்னாகரம் பக்கம், காட்டோர வீடு. டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர். அதில் உள்ளங்கையை மறைக்கும் அளவுக்கு ஒரு பழுப்புப் பூச்சி.]

இதைப் பார்த்ததும் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். இது டசர் அந்துப்பூச்சி, காட்டுப்பட்டு தருவது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வருகிறதே மல்பெரிக் கூடு, அதைக் கட்டுகிற பூச்சிக்குக் காட்டு உறவுமுறை. மல்பெரி அந்து பல ஆயிரம் ஆண்டுகள் மனிதர் கையிலேயே வளர்ந்து, பறக்கும் திறனையே இழந்துவிட்டது. டசர் இன்றும் காட்டில் பறக்கிறது.

[காட்சி: பகல். ஒகேனக்கல் ஆற்றோரம், ஈரமணல்.]

இந்தக் கறுப்பும் நீலமும் கலந்த பட்டாம்பூச்சி ப்ளூ மார்மன். சிறகை விரித்தால் 12 முதல் 15 சென்டிமீட்டர். ஈரமணலில் உப்புச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இப்படி இறங்குவது பெரும்பாலும் ஆண்தான். அப்புறம் பூ பூவாகப் போய்த் தேன் குடிக்கும்.

டசருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உறிஞ்சுகுழல் வளரவே இல்லை. கூட்டைவிட்டு வந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாது. புழுவாக இருந்தபோது மருத இலையைத் தின்று உடம்பில் சேர்த்ததுதான் மொத்தக் கையிருப்பு. அதைக் கொண்டே ஒரு வாரம்போல வாழ்ந்து, துணை தேடி, முட்டையிட்டு முடிகிறது. எனக்கு இந்தப் பூச்சிமேல் இவ்வளவு பிரியம் வந்ததே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

[காட்சி: இரண்டின் தலையும் பக்கத்தில் பக்கத்தில், பெரிதாக.]

பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு தீக்குச்சி மாதிரி, நுனியில் தடித்திருக்கும். ஆண் டசருக்கோ இறகு மாதிரி அகலம். இருட்டில் பெண் விடும் வாசனையைக் காற்றில் பிடித்து, அந்தத் திசையிலேயே பறந்து போகும்.

சரி, பட்டு? இரண்டுமே நூல் விடும். எலுமிச்சைச் செடியில் வளரும் மார்மன் புழு, தன்னைத் தண்டோடு கட்டிக்கொள்ள இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு மட்டும் போடும். கூட்டுப்புழு வெளியே தெரியும். டசர் புழு முட்டை வடிவில் கெட்டியான கூடு கட்டி, பட்டாலேயே காம்பு செய்து கிளையில் தொங்கவிடும். அவ்வளவு கெட்டியான கூட்டை எப்படித் திறக்கிறது? உள்ளிருந்தே ஒரு திரவத்தால் ஒரு முனையை இளக்கி, அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு வருகிறது.

[காட்சி: மறுபடி அதே சுவர். ஒரு கை சுவிட்சை அணைக்கிறது. இருட்டு.]

இருப்பதே ஒரு வாரம். அதில் ஒரு ராத்திரி நம் டியூப்லைட்டோடு போய்விடக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருங்கள். கேட்கிறதா, சிறகடிக்கும் சத்தம்? காட்டுப்பக்கம் போகிறது.