ஒரு ஊக்கும் ஒரு லேன் வயரும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஆடியில் ஒரு ராத்திரி, வீட்டு ரூட்டருக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், ஏற்றிக்கொண்டிருந்தேன். திரையில் 62 சதவீதம் காட்டும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது பவர் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. போனில் வைஃபை பெயரே வரவில்லை. மறுநாள் கடையில், "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள்.

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நன்றாக இருக்கும் பெட்டிகள் இப்படிக் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

ரூட்டருக்குள் ஃபிளாஷ் என்று ஒரு மெமரி சிப் இருக்கிறது. அதில் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். பாதியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் முழுசாக இல்லை. ஆனால் அதே சிப்பில் பூட்லோடர் என்று ஒரு சின்ன புரோகிராம் தனியாக உட்கார்ந்திருக்கும். சாதாரண அப்கிரேடு பெரும்பாலும் அதைத் தொடாது. பவர் கொடுத்ததும் முதலில் விழிப்பது அதுதான். விழித்ததும், ரீசெட் பட்டனை யாராவது அழுத்தியிருக்கிறார்களா என்று பார்க்கும். அழுத்தியிருந்தால், லேன் வயரால் இணைத்த கம்ப்யூட்டரிடம் ஃபர்ம்வேரைக் கேட்கும். நமக்குக் கிடைக்கும் வாசல் அந்தச் சில நொடிகள்தான்.

முதல் வேலை, ரூட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். மாடல் நம்பர் மட்டும் போதாது. பக்கத்தில் பொடி எழுத்தில் வெர்ஷன் என்று ஒன்று இருக்கும். ஒரே மாடலில் வெர்ஷன் 2-க்கும் வெர்ஷன் 3-க்கும் உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம். அதற்கான ஃபைலை, போனின் ஹாட்ஸ்பாட் போட்டு, கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

அப்புறம் வழி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டி-லிங்கின் பல மாடல்களில் ரீசெட்டை அழுத்தியபடி பவர் கொடுத்தால் பிரவுசரிலேயே ஒரு எளிய பக்கம் திறக்கும். டிபி-லிங்கின் பல மாடல்கள் டிஎஃப்டிபி என்ற முறையில் ஃபைலைக் கேட்கும். கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் எண்ணை, 192.168.0.66 என்று நாமே போட்டு, அதில் டிஎஃப்டிபி சர்வர் என்ற புரோகிராமை ஓடவிட்டு, ரூட்டர் எதிர்பார்க்கும் பெயரில் ஃபைலை அதற்குள் வைக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் எடுக்காது. வெளியிலிருந்து வரும் கேள்வியைத் தடுக்கும் ஃபயர்வாலையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள்.

டிஎஃப்டிபி 1981-லேயே வந்துவிட்ட முறை. பாஸ்வேர்டு கிடையாது, ஒன்றும் கிடையாது. 512 பைட் அனுப்பும், கிடைத்தது என்று பதில் வந்தால் அடுத்த 512. 8 எம்பி ஃபைல் இப்படி 16,384 துண்டாகப் போகும். அவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் அந்தச் சின்ன பூட்லோடருக்குள் அது அடங்குகிறது.

எனக்கு நாலு முறை முயன்றும் வரவில்லை. காரணம் ரூட்டரில் இல்லை. அதற்குப் பவர் கொடுத்த பிறகு லேப்டாப்பின் லேன் போர்ட் விழித்துக்கொள்ளவே சில நொடிகள் எடுத்தது. அதற்குள் பூட்லோடர் கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டது. நடுவில், பல லேன் வயர்களை ஒன்றாக இணைக்கும் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியை வைத்தேன். லேப்டாப்பின் இணைப்பு எப்போதும் உயிரோடு இருந்தது. ஊக்கு முனையால் ரீசெட்டை அழுத்திப் பிடித்து, பவரைப் போட்டு, மனசுக்குள் பத்து எண்ணினேன். லேன் விளக்கு படபடவென்று அடித்தது. ஃபைல் போகிறது!

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஃபைல் போய்ச் சேர்ந்த பிறகுதான் சிப்பில் எழுதும் வேலை. தானாக ரீஸ்டார்ட் ஆகும்வரை, பத்து நிமிஷமானாலும், வயரில் கை வைக்காதீர்கள்.

பூட்லோடரே கெட்டிருந்தால் இந்த வழி உதவாது. அது பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் வேலை. இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியிலும் இதைச் செய்யாதீர்கள். அது அவர்கள் பொருள், அவர்களைக் கூப்பிடுங்கள்.

ரூட்டர் எழுந்ததும் பெரும்பாலும் புதிதாக வாங்கியது போல் வெறுமையாக இருக்கும். இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் மறுபடி போட வேண்டும். என்னுடையது பழைய கேபிள் பில்லின் பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. உங்களுடையதை இன்றைக்கே எங்காவது எழுதி வையுங்கள். நன்றி, வணக்கம்.