மறைவிலிருந்து வெளியே வந்த நாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஹண்டிங்டன் நோய்க்கென அரசுகள் முறையாக அறிவிக்கும் ஒரு விழிப்புணர்வு நாள் தேவை என்பது என் உறுதியான கருத்து.

1872ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் 22 வயது அமெரிக்க மருத்துவர், லாங் தீவில் தம் தந்தையும் பாட்டனாரும் மருத்துவம் பார்த்துவந்த குடும்பங்களை வைத்து இப்பரம்பரை நோயை விவரித்தார். பெரும்பாலும் முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில், வேலையும் பிள்ளைகளுமாக வாழ்க்கை நிலைபெற்றுவிட்ட பருவத்தில், கைகால்கள் தாமாகவே அசையத் தொடங்குகின்றன. பேச்சு குழறுகிறது, குணமும் மாறுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி.

தள்ளாடி நடப்பவரைக் கண்டால், குடித்திருக்கிறார் என்றே தெரு முடிவு செய்கிறது. புகழ்பெற்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரிக்கும் அந்தப் பழி வந்தது. இந்நோயால் அவர் மறைந்த 1967ஆம் ஆண்டிலேயே, முன்னாள் மனைவி மார்ஜரி, நோயுற்ற குடும்பங்களைத் தேடிக் கண்டு ஓர் அமைப்பைத் தொடங்கினார். பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒளிந்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேட வேண்டியிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரையில் இந்நோய் மிகுதியாக உள்ள ஏழைக் குடும்பங்கள் தந்த இரத்தம்தான், 1983இல் நான்காம் குரோமோசோமில் மரபணுவின் இருப்பிடத்தை அறியவும், 1993இல் அம்மரபணுவையே கண்டறியவும் வழிசெய்தது. அவர்களுக்கு மருத்துவ உலகம் பட்ட கடன் பெரிது.

மே மாதத்தை விழிப்புணர்வு மாதமாகக் குடும்பங்களும் அமைப்புகளும் கடைப்பிடிக்கின்றன. அதனுள் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது? 2017 மே 18ஐயே நான் முன்மொழிவேன். அன்று வாட்டிகனில் பல நாடுகளிலிருந்து வந்த நோயுற்றோரையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் போப் பிரான்சிஸ் சந்தித்து, இந்நோய் இனி ஒருபோதும் மறைக்கப்படக் கூடாது என்று அறிவித்தார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த நாள் எவரையும் மரபணுப் பரிசோதனைக்குத் தள்ளுவதற்கானதன்று. நோயை முற்றிலும் நிறுத்தும் மருந்து இன்னும் இல்லாத நிலையில், தன் எதிர்காலத்தை அறியாமலே இருப்பதும் ஒருவருடைய உரிமை. அரசு மருத்துவமனைகளில் மரபியல் ஆலோசகர் ஒருவர் அன்று அமர்ந்து, கேட்க வருகிறவருக்கு மட்டும் பொறுமையாக விளக்கம் சொன்னால் போதும். சோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவரே வீட்டுக்குப் போய் முடிவு செய்யட்டும்.