ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

வணக்கம். போன பேச்சுக்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் குடைந்துகொண்டே இருக்கிறது. அதனால் இன்றைக்கு அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "தொடர்களை எல்லாம் நான் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்கிறேன். படங்களையும் அப்படித்தான். கதை முழுக்கப் புரிகிறது, வசனம் ஒன்றுகூட விட்டுப்போவதில்லை, நேரமும் மிச்சமாகிறது. நீங்கள் மட்டும் ஏன் இதை இவ்வளவு எதிர்க்கிறீர்கள்? சமீபத்தில் நீங்கள் பார்த்ததில், வேகமாக ஓட்டினால் கெட்டுப்போகும் என்று ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம்."

நல்ல கேள்வி. அவர் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. கதை புரியும். வேகத்தைக் கூட்டினால் குரல் கீச்சென்று ஆகிவிடாதபடி இப்போது மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. வசனமும் போகாது. ஆனால் வசனம் இல்லாத இடம் என்ன ஆகும்? மூன்று நொடி மௌனம் இரண்டு நொடி ஆகிவிடும். ஒரு நொடிதானே என்று தோன்றலாம். ஒரு நடிகருக்குத் தன் மனத்தில் ஓடுவதை முகத்துக்குக் கொண்டுவர அந்த ஒரு நொடி வேண்டும்.

தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். பேசுகிறவரைப் பார்க்காதீர்கள், கேட்கிறவரைப் பாருங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. வசனத்தை எழுத்தாளர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதைக் கேட்கும்போது முகம் எப்படி மாற வேண்டும் என்பதை யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. அதை நடிகரேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, காட்டச் சொன்னார் இல்லையா? காட்டுகிறேன். 'அடோலசன்ஸ்', 2025-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த நான்கு எபிசோடு தொடர். ஒவ்வொரு எபிசோடும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது என்று எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்கு அந்தச் சாதனையைவிட அதன் விளைவுதான் முக்கியம். வழக்கமாக ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தைக் காட்ட எடிட்டர் ஒரு வெட்டு போடுவார். இங்கே வெட்டு கிடையாது. கேட்கிறவர் முகம் வேண்டுமென்றால் கேமராவே நடந்து போய்த்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது எபிசோடைப் பாருங்கள். ஓர் அறை, ஒரு மேஜை. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பதின்மூன்று வயதுப் பையன் ஜேமி ஒரு பக்கம், அவனை மதிப்பிட வந்த உளவியலாளர் பிரயனி மறுபக்கம். கிட்டத்தட்ட முழு எபிசோடும் இவர்கள் இருவர்தான். கேமரா மேஜையை மெதுவாகச் சுற்றிவருகிறது. பையன் ஏதோ சொல்கிறான். கேமரா இன்னும் அவன் மேலேயே இருக்கிறது. பிரயனி என்ன நினைக்கிறாள் என்று பார்க்க நமக்குத் தவிப்பாக இருக்கிறது. கேமரா அவள் முகத்துக்கு வந்து சேரும்போது அவள் ஏற்கெனவே தன்னைச் சமாளித்துக்கொண்டிருக்கிறாள். அதிர்ச்சியை நாம் பார்க்கவில்லை. அதை மறைத்த முகத்தைத்தான் பார்க்கிறோம். அந்த நகர்வை ஒன்றரை மடங்கில் ஓட்டுங்கள். தவிப்பு போய்விடும், கேமரா சுற்றுவது மட்டும் மிஞ்சும்.

அதே எபிசோடில் பையன் கொட்டாவி விடுகிற ஒரு இடம் வரும். அது எழுதப்பட்டதில்லை. அந்தப் பையனுக்கு உண்மையிலேயே கொட்டாவி வந்துவிட்டது. பிரயனியாக நடித்த எரின் டோஹர்ட்டி அதை விடாமல் பிடித்துக்கொண்டு, நான் உனக்குச் சலிப்பூட்டுகிறேனா என்று கேட்டுவிடுகிறார். பையன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப்பார்க்கிறது. கேட்பது என்றால் இதுதான். எதிரே இருப்பவர் செய்வதை உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தால்தான் இப்படி ஒரு பதில் வரும். ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு நடிப்பில் இதுதான் முதல் வேலை. அதிலும் முதலில் படமாக்கப்பட்டது இந்த மூன்றாவது எபிசோடுதான். அப்புறம் 15 வயதில் எம்மி விருது வாங்கினான். டோஹர்ட்டிக்கும் கிடைத்தது.

கடைசியில் பையனை இழுத்துக்கொண்டு போனபிறகு அவள் அறையில் தனியாக நிற்கிறாள். அவன் கடித்துவிட்டு வைத்த சாண்ட்விச் மேஜையில் கிடக்கிறது. அதைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொள்கிறாள். வசனமே கிடையாது. எபிசோடு முழுக்க அவள் கேட்டதெல்லாம் அந்தக் கையில் வந்துவிடுகிறது. இதைச் சீக்கிரம் முடித்து அந்த நேரத்தில் நமக்கு என்ன ஆகவேண்டியிருக்கிறது, சொல்லுங்கள்?

தமிழில் சொல்லுங்கள் என்று சிலர் எப்போதும் கேட்பீர்கள். 'மெய்யழகன்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 2024-ல் பிரேம்குமார் இயக்கியது. வெளியானபோது நீளம் என்று பலரும் சொன்னார்கள், பிறகு சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். கார்த்தி ஓயாமல் பேசுகிறார், அவரைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் அந்தப் படத்தைத் தோளில் சுமப்பவர் அரவிந்த் சாமி. தன்மேல் இத்தனை பிரியம் வைத்திருப்பவன் யார் என்றே அவருக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். படம் முழுக்கச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே, உள்ளே யார் இவன், யார் இவன் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஊரைவிட்டுப் போகும்போது தான் விட்டுப்போன பழைய சைக்கிள் இவன் குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்று தெரியவரும் இடம் இருக்கிறதே, அங்கே அவர் கண்ணைப் பாருங்கள். அன்பு, வெட்கம், பயம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக என்பதுதான் விஷயம். வேகமாக ஓட்டினால் எல்லாம் கலந்து வெறும் சோகமாகத் தெரியும்.

'கொட்டுக்காளி'யும் அதே 2024-தான். வினோத்ராஜ் அதில் பின்னணி இசையே வைக்கவில்லை. அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. சுற்றி இருக்கிற குடும்பம் மொத்தமும் அவளைப் பற்றிப் பேசுகிறது, அவள் கேட்டுக்கொண்டே ஆட்டோவில் வருகிறாள். இப்படி ஒரு படத்தில் வசனம் விட்டுப்போகவில்லை என்று சொல்வதற்கு என்ன அர்த்தம் இருக்கிறது? நீங்கள் பிடிக்க வேண்டியது வசனத்தில் இல்லையே.

கொஞ்சம் பழைய காலத்துக்குப் போய்வருவோம். வேகத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சினிமா வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. பேசாப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற கறாரான கணக்கு கிடையாது, பெரும்பாலும் 24-க்குக் கீழேதான் இருக்கும். ஒலி வந்தபிறகு 24 என்று நிலைத்தது. பழைய படச்சுருளை அந்த வேகத்தில் ஓட்டியபோது மனிதர்கள் விறுவிறுவென்று தத்தி நடந்தார்கள். போர்க்களத்தில் போகிற சிப்பாய்கூடச் சாவி கொடுத்த பொம்மை மாதிரித் தெரிந்தான். பல தலைமுறை அவர்களை அப்படித்தான் பார்த்தது. 2018-ல் பீட்டர் ஜாக்சன், முதல் உலகப் போர்ப் படச்சுருள்களின் வேகத்தைச் சரிசெய்து, வண்ணம் சேர்த்து 'தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்' என்று ஓர் ஆவணப்படம் செய்தார். வண்ணத்தைப் பற்றித்தான் நிறையப் பேசினார்கள். என்னை அசைத்தது வேகம். ஒரு சிப்பாய் கேமராவைக் கவனிக்கிறான், தயங்குகிறான், அப்புறம் சிரிக்கிறான். அந்தத் தயக்கம் நூறு வருஷமாகச் சுருளிலேயே இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. அவன் தயங்கியதைப் பார்த்த பிறகுதான் அவன் ஒரு பையன் என்று எனக்குப் புரிந்தது.

அதனால்தான் 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் இந்த வேக வசதியைச் சோதித்தபோது ஹாலிவுட்டில் ஜட் ஆப்பட்டோ, பிராட் பேர்ட் போன்ற இயக்குநர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடம் வசதி வந்துவிட்டது. பார்வையாளருக்கு விருப்பம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. காது கேளாதவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிவது பெரிய உதவி. செய்தி விவாதம், பாடம், இந்தப் பேச்சு, எதை வேண்டுமானாலும் வேகமாகக் கேளுங்கள். இதில் செய்திதான் முக்கியம்.

இழுவையான தொடர்களை என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். இரண்டு மணி நேரக் கதையை எட்டு எபிசோடாக நீட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு போன் மணி அடித்து நிறுத்துகிற குற்றப் புலனாய்வுத் தொடர்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. என் யோசனை, அவற்றை விட்டுவிடுங்கள். வேகமாக ஓட்டத் தோன்றினால் அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிடிக்காததை எட்டு எபிசோடும் ஏன் பார்க்க வேண்டும்?

நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சமீபத்தில் திரையில் மிகச் சிறப்பாகக் கேட்பவர் யார்? யோசிக்காமல் சொல்வேன், ஜப்பானிய நடிகர் கோஜி யாகுஷோ. விம் வெண்டர்ஸ் இயக்கிய 'பெர்ஃபெக்ட் டேஸ்' படம், 2023. கான் விழாவில் சிறந்த நடிகர் விருது அதற்குத்தான். டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிறவராக வருகிறார், மிகக் குறைவாகவே பேசுகிறார். கடைசிக் காட்சியில் வண்டி ஓட்டிக்கொண்டே நினா சிமோனின் பாட்டைக் கேட்கிறார். முகம் மட்டும்தான் திரையில். சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வருகின்றன, எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை. ஒன்றரை மடங்கில் பார்த்தால் நினா சிமோனும் ஓட வேண்டியிருக்கும். அந்தக் குரலுக்கு அதைச் செய்ய மனசு வருமா?

இன்னொன்று, துணையெழுத்தோடு பார்ப்பவர்களுக்கு. வேகத்தைக் கூட்டினால் கண் கீழேயே நின்றுவிடும். எழுத்தைப் படித்து முடித்து முகத்துக்கு ஏறுவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அப்படிப் பார்த்தால் நீங்கள் திரைக்கதைப் புத்தகம் படித்த மாதிரிதான். கொரியன், ஜப்பானியத் தொடர்களைப் பார்க்கிறவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

ஒரு சின்ன வேலையும் செய்யலாம். எபிசோடு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை அமைப்புகளில் போய் நிறுத்திவிடுங்கள். 'அடோலசன்ஸ்' மூன்றாவது எபிசோடு முடிந்த கையோடு நான்காவதைத் தொடங்க வேண்டாம், ஒரு நாள் விடுங்கள். டப்பிங்கில் பார்க்கலாமா என்று இன்னொரு நேயர் கேட்டிருக்கிறார். அதற்கு நிறையப் பேச வேண்டும், அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்கிறேன்.