ஈரத் துணியின் கனம்

நேயர்களுக்கு வணக்கம்.

முந்தைய தலைமுறையின் வீட்டுவேலைகளைப் பற்றிப் பேசச் சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கிணற்று ராட்டினத்தின் கிறீச் சத்தம். விடியும் முன்பே பாட்டி தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிடுவார். அந்தச் சத்தத்தில் எனக்கு இன்னும் நன்றாகத் தூக்கம் வரும். ஒவ்வொரு கிறீச்சுக்கும் ஒரு வாளி மேலே வருகிறது என்பது அந்த வயதில் உறைக்கவில்லை.

வளர்ந்த பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வீட்டில் ஏழு பேர். குடிக்க, குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாம் சேர்த்துத் தலைக்கு 40 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் 280 கிலோ. பத்து லிட்டர் வாளியால் 28 தடவை இறைக்க வேண்டும். இறைத்ததைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடக்கவும் வேண்டும். துவைக்கிற நாள் என்றால் இந்தக் கணக்கு போதாது.

துவைக்கிற நாளை என்னால் மறக்கவே முடியாது. மரச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து எடுப்பார். அதிலிருக்கும் காரம்தான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது. பொட்டாசியம் கார்பனேட் என்று நான் பள்ளியில் படித்ததை, பாட்டி விரலால் தொட்டு, வழவழப்பை வைத்தே பதம் சொல்லிவிடுவார். அழுக்கை எடுத்த அதே காரம் அவர் விரல் நுனிகளையும் வெடிக்க வைத்தது. இரவில் அந்த வெடிப்புகளில் எண்ணெய் தடவிக்கொள்வார். தடவும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்.

போர்வை பிழிய என்னைக் கூப்பிடுவார். ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். நான் வலப்பக்கம் முறுக்கினால் அவரும் தன் வலப்பக்கம் முறுக்குவார்; எதிரெதிரே நிற்பதால் போர்வை கயிறு போல இறுகி, நடுவிலிருந்து தண்ணீர் கொட்டும். பருத்தி தன் எடையைவிட அதிகமாகவே தண்ணீரைக் குடிக்கும். என் கை நழுவி, பாதி போர்வை மண்ணில் விழுந்தது ஒருமுறை. பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை, மறுபடி கிணற்றடிக்குப் போனார். அன்று திட்டியிருந்தால் தேவலையே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

தேய்ப்பது அம்மாவின் வேலை. கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. தணல் ஆறினால் துணி படியாது, அதிகமானால் கருகிவிடும், விசிறும்போது சாம்பல் பறந்து வெள்ளைச் சட்டையில் விழுந்தால் திரும்பத் துவைக்க வேண்டும். கரி போடாமல், அடுப்பில் வைத்துச் சூடேற்றும் கட்டி இரும்புகளும் உலகின் பல பகுதிகளில் இருந்தன. அவற்றின் பிடியும் சேர்ந்து சுடும். அமெரிக்காவின் ஐயோவா மாகாணத்தில் மேரி புளோரன்ஸ் பாட்ஸ் என்ற பெண் 1871-இல் கழற்றி மாட்டும் மரப்பிடிக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் இரும்பு ஆறினால் பிடியைக் கழற்றி, அடுப்பில் சூடாக இருக்கும் அடுத்த இரும்பில் மாட்டிக்கொள்ளலாம். சுட்டுக்கொண்ட கைக்குத்தான் இப்படியொரு யோசனை வரும் என்பது என் எண்ணம்.

இத்தனை செய்தவர்களிடம் யாராவது "என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பார்கள். இந்தப் பதிலை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப் போகிறது. ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று, பத்தில் ஒன்பது பெண்கள் வெளிவேலையையும் வீட்டுவேலையையும் ஒருநாள் நிறுத்திக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒருநாள் வரவே இல்லை. வந்திருந்தால் அன்று தண்ணீர் இறைத்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒரு ஆள்.

சென்ற மாதம் அம்மாவிடம் கேட்டேன், எந்த வேலைம்மா ரொம்பக் கஷ்டம் என்று. துவைப்பதையோ தேய்ப்பதையோ சொல்வார் என்று நினைத்தேன். "காய்ஞ்ச துணியை மழை நனைக்கிறதுதான்" என்றார். துவைத்துப் பிழிந்து காயப்போட்ட மொத்த உழைப்பும் ஒரு நிமிஷத்தில் வீணாகிவிடும் என்றார்.

இப்போது வீட்டுக்குள்ளேயே துணி காய்கிறது. ஆனாலும் தூறல் விழும் சத்தம் கேட்டால், பேசிக்கொண்டிருக்கும் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுகிறார்.