நிரப்பிய சுரங்கத்தில் மரம் ஏன் நிற்பதில்லை?

அவையோருக்கு வணக்கம். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைகளில் நிலக்கரிக்காக மலையை வெட்டி, மண்ணைச் சரிவில் தள்ளிவிட்டு அப்படியே கிளம்பிப் போன காலம் ஒன்று இருந்தது. அதற்குக் கடிவாளம் போட்டது 1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம். தோண்டும் முன்பே சுரங்க நிறுவனம் பிணைத்தொகை கட்ட வேண்டும். தோண்டி முடித்ததும் நிலம் ஏறக்குறையப் பழைய சாய்வுக்கு வர வேண்டும். குழியை நிரப்பி, சமன்செய்து, வடிகால் அமைத்தால் அந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை திரும்பும். பசுமை பிடித்ததும் இன்னொரு பகுதி. மிச்சத்துக்கு, ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேல் பெய்யும் இடத்தில் 5 ஆண்டு, வறண்ட இடத்தில் 10 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். மண்சரிவு குறைந்தது. ஆனால் காடு திரும்பவில்லை!

காரணம் புல்டோசர். ஆய்வுக்கு வருபவர் கண்ணுக்கு நிலம் மைதானம் போல வழவழப்பாக இருக்க வேண்டுமென்று, மேல்மண்ணையும் திரும்பத் திரும்ப ஓட்டி இறுக்கினார்கள். இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது, வேரும் இறங்காது. போதாக்குறைக்கு, மண் சீக்கிரம் மூட வேண்டுமென்று அடர்ந்த ஃபெஸ்கியூ புல்லை விதைத்தார்கள். அது மரக்கன்றின் வெளிச்சத்தையும் ஈரத்தையும் பிடுங்கியது. அதற்குள் ஒளிந்த எலிகள் பட்டையைக் கடித்தன.

2004-இல் தொடங்கிய அப்பலாச்சிய மறுகாடாக்க முயற்சி இதற்கு ஒரு முறையைப் பரப்பியது. அடிநிரப்பை இறுக்குங்கள், சரிவைத் தாங்குவது அதுதான். மேலே குறைந்தது 4 அடிக்கு மட்டும் தளர்வாக விடுங்கள். டம்பர் லாரி நெருக்கமாகக் குவியல்களைக் கொட்டட்டும். எடை குறைந்த டோசர் ஒரே ஒருமுறை போய் மேடுகளைத் தட்டிவிட்டால் போதும். டோசர் ஓடும் நேரம் குறைவதால் டீசலும் மிச்சம். பரப்பு கரடுமுரடாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

எந்தப் பாறையை மேலே போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மேல்மண்ணோடு, காற்றும் மழையும் பட்டுச் சிதைந்த பழுப்பு மணற்பாறை கலந்தால் ஓக் போன்ற உள்ளூர் மரங்களுக்கு ஏற்றது. அதன் அமிலத்தன்மை பொருந்தும். பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் கலந்த களிப்பாறை மேலே வந்தாலோ, காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் கசியும், ஓடை செம்மஞ்சளாகிவிடும். பரவாத, உயரம் குறைந்த புல்லைக் கொஞ்சமாக விதைத்து, மண்ணை வளமாக்கும் மரத்தையும் தடிமரத்தையும் கலந்து நடுகிறார்கள்.

ஏற்கெனவே இறுகிப்போன பழைய தளங்களில் டோசரின் பின்னால் 3, 4 அடி நீள இரும்புக் கொழுவை மாட்டிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழிக்கிறார்கள். இதை மண் காய்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். ஈரக் களிமண்ணில் கொழு வெறும் கீறல்தான் போடும், மண் உடையாது.