கடிகாரத்தைத் தின்ன முடியுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணி நண்பர்களுக்குக் கூடுதலாக இன்னொரு வணக்கம், இன்றைக்கு அவர்களுக்கு அது தேவைப்படும்.

மூளையின் வளர்ச்சிக் காரணியை ஆட்டிவைப்பது உணவின் கொழுப்பா, தூக்கத்தையும் பசியையும் நேரம் பார்த்து நடத்துகிற உடலின் கடிகாரமா? நான் கடிகாரக் கட்சி. அந்தக் காரணி பி.டி.என்.எஃப் என்று ஒரு புரதம், 1982-ல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும், புது இணைப்புகள் போடவும், படித்தது மண்டையில் நிற்கவும் அது வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் 2002-ல் வந்த கலிபோர்னிய ஆய்வைச் சொன்னார். எலிகளுக்கு இரண்டு மாதம் கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த தீனி கொடுத்தார்களாம், மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸில் அந்தப் புரதம் குறைந்ததாம், வழியைக் கற்றுக்கொள்வதில் எலி தடுமாறியதாம். சரி, உண்மைதான். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "கடிகாரத்தைத் தின்றால் வயிறு நிறையுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்துதான் வைத்திருக்கிறேன்.

ஐயா, கடிகாரத்தை நாங்கள் தின்ன வேண்டாம், நீங்கள் சொல்கிற கொழுப்பே அதைத் தின்றுவிடுகிறது! 2007-ல் சுண்டெலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டுப் பார்த்தார்கள். சுண்டெலி ராத்திரிப் பிராணி, பகலில் தூங்க வேண்டும். இதுவோ தூங்குகிற நேரத்தில் எழுந்து எழுந்து கொறிக்க ஆரம்பித்துவிட்டது. தொடர்ந்து இருட்டிலேயே வைத்துப் பார்த்தால், அதன் உடல் கடிகாரம் கணக்குப் போடுகிற ஒரு நாள் சற்று நீண்டே போயிருந்தது. கொழுப்பு முதலில் கை வைத்தது எங்கே? எங்கள் கடிகாரத்தில். அப்புறம் 2012-ல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் அதே கொழுப்புத் தீனியை, கலோரி குறையாமல், எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் கொடுத்தார்கள், எலி குண்டாகவே இல்லை. நண்பர் இதைச் சொல்லவில்லை. நேரம் போதவில்லை போலிருக்கிறது.

இனிதான் என் எலி வருகிறது. 2015-ல், அதே கலிபோர்னியாவில். கொழுப்பைக் கூட்டவில்லை. சாப்பாட்டை மட்டும் தூங்குகிற நேரத்துக்கு மாற்றினார்கள். மொத்தத் தூக்கமும் குறையவில்லை, அங்கங்கே பிய்ந்து போனது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு சோதனை. முன்பே பார்த்த பொருள் ஒன்று, புதிய பொருள் ஒன்று. ஒழுங்கான எலி பழையதை விட்டுவிட்டுப் புதியதைத்தான் மோந்து பார்க்கும். நம்ம ஆள் என்ன செய்தார்? புதியதை மோந்தார். பழையதிடமும் போய், 'சாரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே' என்று அதையும் மோந்தார். திரும்பப் புதியதிடம் வந்து, 'சார் யாரு?' என்றார். சற்று முன்பு எதிரணித் தலைவர், தான் சொல்லி முடித்த கருத்தையே புதிதாகக் கண்டெடுத்ததுபோல் இரண்டாவது தடவை சொன்னாரே, கவனித்தீர்களா? அவர் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று நான் கேட்கப் போவதில்லை.

அந்த எலியின் ஹிப்போகாம்பஸில் கிரெப் என்ற புரதம் குறைந்திருந்தது. பி.டி.என்.எஃப் மரபணுவை முடுக்கிவிடுகிற புரதங்களில் அதுவும் ஒன்று. எலிதானே என்பார்கள். அவர்கள் கொண்டுவந்தது மட்டும் யானையா?

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. ராத்திரிப் பணியில் இருக்கும் ஒரு செவிலியரை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு, ஒரு அழைப்பு மணிக்கும் அடுத்த அழைப்பு மணிக்கும் நடுவில், நின்றுகொண்டே டப்பாவைத் திறந்து நாலு வாய் போட்டுக்கொள்கிறாள். டப்பாவில் இருப்பதில் ஒரு குறையும் இல்லை. நமக்கு உடம்புக்கு முடியாமல் போன இரவுகளில் நாம் தூங்கினோம் என்றால், அது அவள் தன் கடிகாரத்தை நமக்காகக் கழற்றி வைத்ததால். அவளிடம் போய் 'எண்ணெயைக் குறை அம்மா, எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்கிற துணிச்சல் எதிரணிக்கு இருக்கலாம், எனக்கு இல்லை. அவள் பணி நேரத்தை மாற்றித் தர ஆள் இருக்கிறதா என்று...

மணி அடித்துவிட்டீர்கள். பாருங்கள், இங்கேயும் கடைசியில் ஜெயித்தது கடிகாரம்தான். வணக்கம்!